மாதக் காசா, மொத்தப் பணமா, வீட்டுச் சோறா?

ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு காலம், எப்படிக் கைகொடுப்பது? மலையகத்தில் ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு இருக்கிறது. நடைமுறையில் வழி மூன்று. மாதாமாதம் கொஞ்சம் அனுப்புவது, ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது, ‘காசு இல்லை, வீட்டிலிருந்து சாப்பிடு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள்’ என்பது. பெற்றோருக்கு எது கட்டுபடியாகும் என்று பார்த்தால் மூன்றாவதுதான். பிள்ளையின் மனசையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு முதலாவதுக்கு, இரண்டு நிபந்தனைகளோடு.

முதலில் வரவைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதையே வைத்துக்கொள்வோம். மாதம் 25 முழுப் பேர், அதாவது 25 நாள் முழுச் சம்பளம், விழுந்தால் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8 சதவீதமாக 2,700 போனால் மிச்சம் 31,050. தீபாவளி அட்வான்ஸ், சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாம் இனித்தான் கழிய வேண்டும். இதில் பேராதனையிலோ வந்தாறுமூலையிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு 10,000 அனுப்பினால் ஒருவர் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொல உதவித்தொகை 2025இல் 5,000இலிருந்து 7,500 ஆனது பெரிய ஆறுதல்தான். ஆனால் முதலாம் வருடப் பிள்ளைக்கு அது கைக்கு வந்து சேரும்வரை சாப்பாடு, பஸ், போட்டோ கொப்பி எல்லாம் வீட்டுக் காசுதான்.

“அம்மா, காசு இருக்கா?” என்று நேரடியாகக் கேட்கிற பிள்ளைகள் குறைவு. “மழையா? கொழுந்து இருக்கா?” என்று சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள். அம்மாவுக்கு விளங்கிவிடும். “பத்தாந் திகதி போடுறேன் புள்ள, நீ நேரத்துக்குச் சாப்பிடு.” இந்த ஒரு நிமிடப் பேச்சுக்கு முன்னால் அந்தப் பிள்ளை இரண்டு நாள் யோசித்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கேட்டு வாங்கும் 10,000ஐ விட, கேட்காமல் ஒரே திகதியில் வந்து விழும் 6,000 மேல். தொகை குறைந்தாலும் பிள்ளை அதற்குள் திட்டம் போட்டு வாழப் பழகிவிடும். இது முதல் நிபந்தனை.

இரண்டாவது, காசு எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. லீவுக்கு வீட்டுக்கு வரும் மகள், அம்மாவின் காதில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குக் குச்சியைப் பார்க்கிறாள். கேட்டால், “காது புண்ணாகிட்டு, கழட்டி வச்சிருக்கேன்” என்று பதில். அடகுச் சீட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது, அதுவும் அவளுக்குத் தெரியும். அடுத்த மாதம் அவள் காசே கேட்கமாட்டாள். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுவாள். அடகு வைத்ததை விட மறைத்ததுதான் அவளைப் பிழிகிறது. தோட்டை எப்போது மீட்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசியிருந்தால் பாரம் பாதியாகியிருக்கும்.

அமெரிக்காவில் லாரா ஹாமில்டன் என்ற சமூகவியலாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரின் பணம் கூடக்கூடப் பிள்ளைகள் எடுக்கும் புள்ளிகள் குறைந்தன, ஆனால் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடியது. முதல் பாதியை நினைத்து நாம் பயப்படத் தேவையில்லை, சுகம் கண்டு படிப்பைக் கோட்டைவிடும் அளவுக்கு இங்கே யாரும் அனுப்புவதில்லை! இரண்டாம் பாதிதான் நமக்கு வேண்டியது.

மொத்தப் பணத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் உழைத்தவருக்கு 1,350 வீதம் 5,67,000 ரூபாய். சேமலாப நிதி தனி, அதை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். பணம் வரப்போகிறது என்றதுமே வீட்டில் ஆட்டோப் பேச்சு தொடங்கிவிடும், அல்லது வெளிநாட்டு ஏஜென்சி. 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய ஆட்டோவே பல லட்சத்துக்குப் போனது. அதனால் அந்தக் காசு லீசிங் முற்பணத்துக்கே சரியாகப் போய், மாதத் தவணை பையன் தலையில் விழுந்த வீடுகள் உண்டு. ஓட்டம் இல்லாத மாதத்தில் அவன் லீசிங் கம்பெனிக்கு மட்டும் பயப்படுவதில்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் பயப்படுகிறான். அவர் கடைசிக் காலத்துக்கு வைத்திருந்தது அவன் கையில் கரைகிறதே! இந்தச் சுமையை இருபத்திரண்டு வயதில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, இந்தப் பணம் மகனுக்குத்தான் போகிறது. மகளுக்கு ‘கல்யாணத்துக்குப் பார்ப்போம்’ என்ற வாக்கு மட்டும்.

வீட்டுச் சோறு கேவலமானதல்ல. ஹட்டனில் கடை வேலை பார்த்துக்கொண்டே கோர்ஸ் படிக்கிறவனுக்கு வாடகையும் சாப்பாடும் மிச்சமாவதே பெரிய தொகை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நான்கு பேர் இருந்தால் வளர்ந்த பிள்ளைக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. ‘இன்னும் ஒன்னும் ஆகலையா?’ என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்கும் ஆட்களுக்கும் குறைவில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு அங்கேயே தங்கிப் படிக்கக் கிடைப்பதால் இந்தத் தொல்லை பாதி இல்லை. பெற்றோர் செலவும் குறைகிறது.

‘கடனாகத் தருகிறேன், திருப்பிக் கொடு’ என்பது நான்காவது வழி. நம் வீடுகளில் அது வாய்ப்பேச்சோடு சரி.

மாதக் காசுக்கு ஒரு முடிவுத் திகதியும் பேசிவையுங்கள். படிப்பு முடிந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளையிடமிருந்து காசு மலைக்கு வரத் தொடங்கும். அதிலும் முதல் மூன்று சம்பளத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். தங்கும் போடிங் அறைக்கு முற்பணம், சப்பாத்து, இரண்டு நல்ல சட்டை எல்லாம் அதற்குள்தான் முடிய வேண்டும்.