ஊறுகாய் போடுகிறவளுக்கு அண்ணா நூலகத்தில் என்ன வேலை?

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்றாலே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் மந்தைவெளியில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறவள். என்னைப் போலச் சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் அது என்பேன்.

நான் போனது ஒரே ஒரு கேள்வியோடு. பிபி இருக்கிற வாடிக்கையாளர்கள், "உப்பு குறைச்சு பூண்டு ஊறுகாய் போட்டுக் குடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாமியாரோ, "உப்பு குறைஞ்சா ஊறுகாய் நிக்காதும்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஏன் நிற்காது, அதற்குப் பதில் என்ன சேர்க்கலாம் என்பதெல்லாம் கைப்பக்குவத்தில் கிடைக்கிற பதில் இல்லை.

உணவு அறிவியல் அலமாரி எங்கே என்று விசாரித்துப் போய் உட்கார்ந்தேன். உப்பு தண்ணீரைக் கட்டிவைத்து, கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது. உப்பைக் குறைத்தால் அந்தக் காவல் வேலையைப் புளிப்பு பார்க்க வேண்டும். பூண்டிலோ புளிப்பு போதாது. மேலே எண்ணெய் நின்றால் உள்ளே காற்றும் போகாது. காற்றும் புளிப்பும் இல்லாத இடம்தான், உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் என்கிற நஞ்சை உண்டாக்கும் கிருமிக்குத் தோது. புளிப்பை அளக்கிற எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. வாடையோ பூஞ்சையோ காட்டாமலேயே அந்த நஞ்சு உணவில் இருக்கலாம் என்று படித்தபோது எனக்குக் கை கால் பதறிவிட்டது. நாலு பேர் வீட்டில் நம்பி வாங்கிச் சாப்பிடுகிற பொருள் இல்லையா?

பிஎச் மீட்டர் வாங்கிய பிறகுதான் அந்த ஊறுகாயைப் போட ஆரம்பித்தேன். எலுமிச்சைச் சாறும் வினிகரும் சேர்த்து ஊறவிட்டு, பூண்டுப் பல்லையே நசுக்கி அளக்கிறேன். மேலே இருக்கிற மசாலா புளித்தால் மட்டும் போதாது, பல்லின் நடுவரை புளிப்பு இறங்கியிருக்க வேண்டும். 4க்குக் கீழே வந்தால்தான் பாட்டிலில் போடுவேன். இப்போது மாமியாரே, "மீட்டர் வெச்சுப் பாத்தியா?" என்று கேட்கிறார்.

நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. 8 ஏக்கர் இடம், தரைத்தளத்தோடு சேர்த்து 9 தளங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. 2011ல் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகமாகவே நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் நிம்மதியாக இருக்கிறது.

ஒரே வருத்தம், உணவுத் தொழில்நுட்பத்துக்குத் தமிழில் நல்ல புத்தகம் எழுதுகிறவர்கள் குறைவு. நான் படித்ததெல்லாம் ஆங்கிலம், பக்கத்தில் அகராதியோடு. மெதுவாகத்தான் போகும், ஆனால் புரியும். குழந்தையோடு போகிறவர்களுக்கு முதல் தளத்தில் பெரிய செயற்கை மரத்தோடு சிறுவர் பிரிவு இருக்கிறது. தமிழ் நூல்கள் இரண்டாம் தளம். தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவும், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற இடமும் உண்டு.

பறக்கும் ரயிலில் மந்தைவெளியில் ஏறினால் பசுமைவழிச் சாலை, அடுத்தது கோட்டூர்புரம். அங்கிருந்து நடந்துவிடலாம். கையில் ஒரு நோட்டும், மனதில் ஒரு கேள்வியும் இருந்தால் நேரம் வீணாகாது. மாங்காய் சீசன் முடிந்ததும் நான் பேக்கிங் பற்றிப் படிக்கப் போகிறேன். கண்ணாடி பாட்டிலா, பவுச்சா என்று முடிவு செய்தாக வேண்டும்.