உப்புக்காற்று ஊரில் 1911: முதல் பிஸ்டல் எடுப்பவருக்கு நெடுநாள் பாவனைக் குறிப்பு

அமெரிக்க இராணுவம் 1911இல் ஏற்றதால் '1911' என்றே பெயர்பெற்ற பிஸ்டல் வகையை முதன்முதல் எடுப்பவருக்கு எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்து அங்குலக் குழல், முழு உருக்கு உடம்பு, 9 மி.மீ. ரவை, சோடனை எதுவும் இல்லாத சாதாரண மொடல். மிச்சம் பிடிக்கிற காசை ரவை நிரப்பும் மகசினிலும் ஸ்பிரிங்கிலும் போடுங்கள். உப்புவெளி, நிலாவெளி போலக் கடலை ஒட்டிய இடத்தில் வைத்திருக்கப் போவதென்றால், கம்பனிப் பெயரைப் பார்க்க முதல் மேற்பூச்சைப் பாருங்கள். நீண்டகாலப் பாவனையில் தொல்லை தருவது இந்தச் சின்னச் சாமான்கள்தான்; பிஸ்டலின் அடிப்படை அமைப்பு நூறு வருடம் தாண்டியும் ஆட்டங்காணவில்லை.

சட்டத்தைச் சொல்லிவிட்டு மேலே போவோம். இலங்கையில் இது கடைக்குப் போய்ப் பார்த்து எடுக்கிற சாமான் அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். கந்தளாய்ப் பக்கத்து விவசாயி பயிர்க்காவலுக்கு எடுக்கும் துவக்கு மாவட்டச் செயலகத்தோடு முடியும். பிஸ்டல், ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு வரை போகவேண்டும். அனுமதி டிசம்பர் 31உடன் முடியும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக அமைச்சு திருப்பிக் கேட்டதும் தெரிந்ததே. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு: கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் கைமாற்றுவதும் பெரும்பாலான தனியாட்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. சுவிஸில் அந்தந்தக் கன்டோன் (மாநிலம்) தரும் கொள்வனவு அனுமதியோடு எடுக்கலாம். அனுமதி கையில் இல்லாதவர் இதை வாசித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஜோன் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது 1911 மார்ச் 29இல். அது .45 ஏ.சி.பி. ரவைக்கென்றே பிறந்தது. 230 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 15 கிராம் சன்னம் செக்கனுக்கு 255 மீற்றர் அளவில் போகும். உதை கூராக இராது, தள்ளுவதுபோல் இருக்கும். ஆனாலும் புதிதாகச் சுடுபவர் ஒரு பெட்டி ரவை முடிவதற்குள், விசையை இழுக்கும்போதே குழலைக் கீழே அமுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் ஒட்டினால் கழற்றுவது பெரும்பாடு. அதே உருக்கு உடம்பில் 9 மி.மீ. வந்தால், ஏறத்தாழ 1.1 கிலோ எடை உதையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மகசினில் 7க்குப் பதில் 9 அல்லது 10 ரவை, விலையும் குறைவு. .45 இல்லாவிட்டால் அது 1911 இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், வரட்டும். 9 மி.மீ. மொடலின் உண்மையான குறை வேறு. நீளமான .45 ரவைக்கென வகுத்த கைப்பிடிக்குள் கட்டை ரவை போவதால், மகசினுக்குள் இடைநிரப்பி வேண்டும். ஆகவே மலிவு மகசினுக்கு அது .45ஐ விடக் கூடக் கோபிக்கும்.

நீளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாலேகால் அங்குலக் கொமாண்டர் பரவாயில்லை. மூன்றரை அங்குல ஒஃபிசர் அளவு முதல் பிஸ்டலுக்குச் சரிவராது. அதன் ஸ்லைட், அதாவது குழலுக்கு மேலே முன்பின் ஓடும் உருக்குப் பகுதி, போய்வரும் தூரம் குறைவு. அடுத்த ரவையை மகசின் மேலே தள்ளக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஸ்பிரிங் கடினமானது, ஆயுளும் கட்டை: ஐந்து அங்குலத்தில் 3000 முதல் 5000 ரவை வரை தாங்குகிற, ஸ்லைட்டை முன்னே திருப்பித் தள்ளும் பின்னுந்து ஸ்பிரிங், இதில் ஆயிரத்தைத் தாண்டியதும் சந்தேகத்துக்குரியது.

கோல்ட் கம்பனியின் 1911களில் சீரிஸ் 70 நல்லதா, சீரிஸ் 80 நல்லதா என்ற தகராறில் புதியவர் தலையைக் கொடுக்கத் தேவையில்லை. கோல்ட் 1983இல் கொண்டுவந்த சீரிஸ் 80இல், விசையை முழுதாக இழுத்தாலன்றி ரவையைத் தட்டும் ஊசி முன்னே போகாதபடி ஸ்லைட்டுக்குள் ஒரு தடையும் உடம்புக்குள் இரண்டு நெம்புகளும் கூடுதலாக இருக்கும். கீழே விழுந்தால் வெடிக்காது என்பதற்கு அது நல்ல காப்பு. முழுதாகக் கழற்றிப் பூட்டும்போது மட்டும் வேலை கூடும். 1970 முதல் 1983 வரையிலான அசல் சீரிஸ் 70ஐப் பழையதாக எடுப்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குழல் நுனியைப் பிடிக்கும் அதன் முன்வளையம் விரல் விரலாகப் பிளந்த வகை, அந்த விரல்களில் ஒன்று முறிவதுண்டு. முறிந்தால் ஸ்லைட் பாதியில் இறுகும். கட்டியான வளையம் வாங்கிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

இனி மேற்பூச்சு. கடையில் பார்க்க மிக அழகானது கருநீலம் ஏற்றிய உருக்கு. வாடைக்காற்றும் மாரியும் சேர்ந்த ஐப்பசி, கார்த்திகையில் முதலில் கறள் பிடிப்பதும் அதுதான். அந்தக் கருநீலம் உருக்கின் மேல் படிந்த மிக மெல்லிய ஒக்சைட் படலம் மட்டுமே. வியர்வை பட்ட விரலடையாளம் ஒரு இரவு இருந்தால் போதும், காலையில் மண்ணிறத்தில் ரேகை தெரியும். பொஸ்பேட் பூச்சு பார்க்க மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சொரசொரப்பு ஒயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயில் போட்டுக்கொண்டிருக்கும் வரை அது நம்பகமானது, காயவிட்டால் இல்லை. பிலிப்பைன்ஸ் மரிக்கினாவில் ஆம்ஸ்கோர் செய்யும் மலிவு 1911களில் அதிகம் காண்பது இந்தப் பூச்சுத்தான். ஸ்டெயின்லெஸ் கறள் பிடிக்காது என்பது பொய். மெதுவாகப் பிடிக்கும், அதுவும் பார்வை உறுப்பு பொருந்தும் பள்ளத்திலும் ஸ்லைட்டின் வரிகளுக்கிடையிலும் புள்ளி புள்ளியாக. கடலோரத்துக்கு எங்கள் முதல் தெரிவு நைட்ரைட் ஏற்றிய உருக்கு, அல்லது ஹார்ட் குரோம். இரண்டும் கிடைக்காவிட்டால் ஸ்டெயின்லெஸ். கருநீலம் அலுமாரி அழகுக்கு.

எந்தப் பூச்சானாலும் எல்லோரும் மறக்கும் இடம் கைப்பிடிப் பலகைக்கு அடியில். வியர்வை மரத்துக்கும் உருக்குக்கும் நடுவில் இறங்கி அங்கேயே தங்கும். மாதம் ஒருதரம் நாலு திருகாணியையும் கழற்றிப் பார்க்கவேண்டும். திருகாணியோடு சேர்ந்து அதன் உள்வளையமும் சுழன்று வந்தால், அதைத் தனியாக இறுக்கி இழைப்பசை ஒரு துளி விடுங்கள். அப்படியே விட்டால் உடம்பின் மரை தேய்ந்துவிடும். மரப்பலகை மாரியில் ஊதும் என்பதையும் சொல்லவேண்டும். ஊதிய பலகை கட்டைவிரல் சேப்டியின், அதாவது கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் பாதுகாப்புப் பூட்டின், அசைவை உரசி இறுக்கும்.

வைக்கும் விதத்தில் இரண்டு தவறு எங்கும் நடக்கிறது. ஒன்று, தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் உண்டு, ஈரத்தையும் அது இழுக்கும். மற்றது, வாங்கிய பெட்டியின் பஞ்சுக்குள்ளேயே வைப்பது. பஞ்சு நனைந்த துணிக்குச் சமம். ரப்பர் வளையம் போட்ட காற்றுப்புகாப் பெட்டி, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பெட்டியோடு பூட்டிய இரும்பு அலுமாரி. ஜெல் நிறம் மாறியதும் 110 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் பசையாகி ஊசிக் குழிக்குள் இறுகும். தையல் மெசின் ஒயில் வழுக்க நல்லது, கறளைத் தடுக்கக் காணாது. துவக்குக்கென விற்கும் கறள்தடுப்பு ஒயில்தான் சரி. ஸ்லைட் ஓடும் தண்டவாளம், குழலின் பூட்டுப் பற்கள், முன்வளையம் உரசும் குழல் நுனி, இந்த இடங்களுக்கு ஒவ்வொரு துளி. கச்சான் காற்றுக் காலத்தில் மண் பறக்கும், அப்போது துளியைக் குறையுங்கள்.

சிக்கல் என்று வந்தால் பத்தில் எட்டு மகசின். ஆகவே மகசின் ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் இலக்கம் இடுங்கள். எந்த இலக்கத்தில் ரவை மூக்கை நிமிர்த்திச் சிக்குகிறது என்று குறித்தால் குற்றவாளி தானே வெளிவரும். மேல் உதடு விரிந்திருந்தால் ரவை முந்தி விடுபடும். திருத்த நினைக்காமல் தூக்கிப் போடுங்கள். கடைசி ரவை போனபின் ஸ்லைட் பின்னே நிற்காவிட்டால் மகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மகசினில் குற்றமில்லையென்றால் அடுத்தது கோதிழுப்பான், அதாவது வெடித்த ரவையின் கோதைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி. 1911இன் கோதிழுப்பானுக்குத் தனி ஸ்பிரிங் கிடையாது. அந்த நீண்ட உருக்குத் துண்டே ஸ்பிரிங். அதன் இறுக்கம் தளர்ந்தால் வெற்றுக் கோது வெளியே பறக்காமல் வாயில் நட்டுக்கொண்டு நிற்கும். கூட இறுகினால் ரவை மேலே ஏறாமல் ஸ்லைட் முழுதாக மூடாது. சோதிப்பது சுலபம். ஸ்லைட்டைக் கழற்றி, குழலை வெளியே எடுத்து, போலி ரவை ஒன்றைக் கீழிருந்து கொக்கிக்குள் தள்ளுங்கள். மெல்ல ஆட்டினால் அது நிற்கவேண்டும்; உலுக்கினால் விழலாம். இந்த உறுப்பைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: ரவையைக் கையால் குழலுக்குள் போட்டுவிட்டு ஸ்லைட்டை விடுவது. ரவையின் விளிம்பு மகசினில் இருந்து கீழ்வழியாகக் கொக்கிக்குள் ஏறவேண்டும் என்பதே வடிவமைப்பு. நேரே போட்டால் கொக்கி விளிம்பின் மேல் பாயவேண்டும், பாய்ந்து பாய்ந்து நுனி உடையும்.

கழற்றுவதில் ஒரே ஒரு இடம் புதியவரைத் தண்டிக்கும். மகசினை எடுத்து, ஸ்லைட்டை இழுத்து, குழலைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், குழலடியில் உள்ள ஸ்பிரிங் மூடியை அழுத்தி முன்வளையத்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள். பெருவிரலை எடுத்துவிட்டால் மூடி அறையின் மறுமூலைக்குப் பறக்கும். ஸ்லைட்டில் உள்ள சிறிய அரைவட்ட வெட்டு, ஸ்லைட் நிறுத்தியின் பின்நுனிக்கு நேரே வந்ததும் வலப்பக்கம் இருந்து அதன் ஊசியைத் தள்ளினால் நிறுத்தி கழன்றுவிடும். தண்டனை பூட்டும்போதுதான். நிறுத்தியின் பின்நுனியை உடம்போடு உரசி மேலே தூக்கினால், அந்த இடத்தில் பிறைவடிவில் ஒரு கீறல் ஆயுளுக்கும் நிற்கும். பழைய 1911களில் பல அந்தக் கீறலோடுதான் விலைக்கு வருகின்றன. நிறுத்தியின் ஊசியைக் குழலின் இணைப்பு வளையத்துக்குள் முக்கால்வாசி விட்டு, உடம்பில் உள்ள சின்னக் குண்டூசியைப் பழைய தொலைபேசி அட்டையின் ஓரத்தால் உள்ளே அமுக்கி, நிறுத்தியை நேரே உள்ளே தள்ளுங்கள். மேலே தூக்க வேண்டாம். அந்தக் குண்டூசி இருக்கும் சின்னக் குழாய் உடம்பில் இரண்டு கால்களால் அறையப்பட்டது. அது ஆடத்தொடங்கினால் கட்டைவிரல் சேப்டி சரியாக அசையாமல் போகலாம். அந்த நிலையில் சுடக்கூடாது.

வேறு பழைய வகைகள் பற்றிச் சுருக்கமாக. 1935இன் பிரவுனிங் ஹை-பவர் 13 ரவை கொள்ளும், கையில் நிற்கும் அழகே தனி. மகசின் இல்லாவிட்டால் வெடிக்காத அமைப்பு அதன் விசையைக் கரடுமுரடாக்கும், பெரிய கையென்றால், ஊசியை அடிக்கும் பின்பக்கச் சுத்தியல் தோலைக் கடிக்கும். இந்தியாவில் இஷாப்பூரில் செய்யும் 9 மி.மீ. 1ஏயும் இதே வம்சம். செக் நாட்டு சி.இசட். 75இல் ஸ்லைட் உடம்புக்குள் ஓடுவதால் பின்னே இழுக்கப் பிடி குறைவு; அது தவிர நல்ல முதல் பிஸ்டல். பழைய சோவியத் பிஸ்டலான ரொக்கரெவ் முதல் பிஸ்டலே அல்ல. சுத்தியலை அரைவழியில் நிறுத்தி வைப்பது தவிர அதற்கு வேறு காப்பு இல்லை. பழைய இராணுவ ரவைகள் பலவற்றின் தீமூட்டி வெடித்தபின் உப்பு எச்சம் விடும், அன்றே சுடுநீரால் கழுவாவிட்டால் இந்த ஊர்க் காற்றில் குழல் இரண்டே நாளில் சிவக்கும்.

பாவித்த 1911ஐப் பார்க்கப் போகும்போது, உரிமையாளரிடம் கேட்டு, வெறுமையென்று இருவருமே பார்த்துறுதி செய்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். சுத்தியலைப் பின்னிழுத்து, கட்டைவிரல் சேப்டியை மேலேற்றி, விசையை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு சேப்டியை இறக்கி, விசையைத் தொடாமல், பிஸ்டலைக் காதருகே வைத்து, குழல் யாரையும் பாராதபடி, சுத்தியலை மெதுவாக ஒரு மயிரளவு பின்னே இழுங்கள். சத்தம் வரக்கூடாது. 'டிக்' என்று கேட்டால், சேப்டி போட்டிருந்தபோதே சுத்தியலைத் தாங்கும் உள்கொக்கி நகர்ந்திருக்கிறது. ஆயுதத் திருத்துநர் சேப்டியைப் பொருத்தித் தரும்வரை அந்தப் பிஸ்டலுக்கு விலை பேச வேண்டாம்.