ஹெட்லைட் போட்டால் ஏறும் டெம்பரேச்சர் முள்: பழைய எஸ்யூவியோடு சில வருஷ அனுபவம்

பழைய டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினாலே வயிற்றைக் கலக்கும். என் வண்டியில் அது ராத்திரியில் மட்டும் தாண்டியது. பகலில் ஏ.சி. போட்டு, ஆள் ஏற்றி, மேட்டில் ஏறினாலும் நடுவுக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும், இருட்டி காற்று நன்றாகக் குளிர்ந்த பிறகு முக்கால் வரைக்கும் போகும். விவரம் கேட்டவர்கள் எல்லாரும் ஒரு பாகத்தைச் சொன்னார்கள்: தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கடைசியில் ஹெட் கேஸ்கெட். ஒவ்வொன்றும் முந்தினதைவிட செலவு அதிகம். "முதல்ல தெர்மோஸ்டாட்டை மாத்திப் பார்ப்போம் சார்" என்பதில் தப்பில்லை, விலை குறைவு, ஆனால் மாற்றிப் பார்ப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு.

எனக்கு உறுத்தியது முள் ஏறின வேகம். இன்ஜினும் அதற்குள் ஓடி அதை ஆற்றும் கூலன்ட் திரவமும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும், அவ்வளவு எடையும் ஓரிரு நொடியில் பத்து டிகிரி சூடாகாது, ஆறவும் ஆறாது. வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டு ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பினேன், முள் நகர்ந்தது. அணைத்தேன், திரும்பி வந்தது. பார்க் லைட் மட்டும் போட்டாலும் அதே கதை. இன்னொன்றும் கவனித்தேன்: கூடவே டீசல் முள்ளும் ஒரு கோடு மேலே போகிறது. டேங்க்கில் டீசல் தானாக ஊறாது என்பதால், கோளாறு இன்ஜினில் இல்லை, மீட்டர் போர்டுப் பக்கம்தான் என்பது அப்போதே பாதி உறுதியாகிவிட்டது.

பாதிதான். லைட் போட்டால் முள் ஆடுகிறது என்பதற்காக இன்ஜின் நிஜமாகவே சூடாகவில்லை என்று ஆகிவிடாது, இரண்டு கோளாறும் ஒன்றாக இருக்கலாம். அதனால் முள்ளுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு அளவு வேண்டும். இந்த வயது வண்டிகள் பலவற்றில் இரண்டு சென்சார் இருக்கும்: ஒற்றை வயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு, இரண்டு வயர் உள்ளது ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு. மெக்கானிக் ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் டாங்கிள் செருகினால் ஈசியூ படிக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் போனில் எண்ணாகவே தெரியும். ஆனால் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணிப் பாருங்கள்: கூலன்ட் டெம்பரேச்சரும் உள்ளே இழுக்கும் காற்றின் டெம்பரேச்சரும் கிட்டத்தட்ட ஒன்றாக, வெளிக்காற்றை ஒட்டி இருக்க வேண்டும். இருந்தால் சென்சார் குளிர்ந்த நிலையிலாவது ஒழுங்காகச் சொல்கிறது என்று அர்த்தம். மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் சென்சார் கனெக்டர் கழன்றிருக்கும் இல்லை வயர் அறுந்திருக்கும்.

என் வண்டியில் சூடான பிறகு எண் 86-க்கும் 90-க்கும் நடுவில் நின்றது. லைட் போட்டு முள் முக்காலுக்குப் போன நேரத்திலும் அதே எண். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு இது சரியான அளவு. தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னும் வைத்துப் பார்த்தேன், ஆனால் அது வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளக்கும் அலுமினிய ஹவுசிங் மேல் நேராக அடித்தால் நிஜத்தைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அடியுங்கள். அப்போதும் உள்ளே ஓடும் கூலன்ட்டைவிட சில டிகிரி குறைவாகத்தான் வரும்.

முள் ஏன் இப்படிப் பண்ணுகிறது என்பதற்கு சென்சார் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். குறையக் குறைய அந்த வயரில் வோல்டேஜ் இறங்கும், முள் ஏறும். மீட்டர் போர்டு இந்த வோல்டேஜைத் தன்னுடைய எர்த்தோடு (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) ஒப்பிட்டுத்தான் காட்டுகிறது. அந்த எர்த் லூஸாகவோ துருவேறியோ இருந்து, அதே எர்த் வழியாக மீட்டருக்குள் எரியும் பல்புகளின் கரண்ட்டும் திரும்பினால், மீட்டரின் பூஜ்யமே மேலே தூக்கிவிடும். சென்சார் சொன்னது மாறவில்லை, ஆனால் மேலே தூக்கின பூஜ்யத்திலிருந்து பார்த்தால் அது குறைவாக, அதாவது அதிகச் சூடாகத் தெரியும். டீசல் முள் கூடவே ஏறியதும் இதனால்தான்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொரு முனை மீட்டர் போர்டின் எர்த் வயரில். லைட் இல்லாதபோது 0.05 வோல்ட், போட்டதும் 0.7. ஒழுங்கான எர்த்தில் 0.1-ஐத் தாண்டக்கூடாது. மல்டிமீட்டரை ஓமில், அதாவது ரெசிஸ்டன்ஸ் அளக்க வைத்து, "கன்டினியூட்டி இருக்கு, எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டிருந்தால் இது சிக்கியிருக்காது, கரண்ட் ஓடும்போதுதான் இந்தக் கோளாறு வெளியே வரும். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டிரைவர் கால் பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் நான்கைந்து ரிங் டெர்மினல் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் பழுப்பாகத் துரு. கழற்றி உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்த்து, அரித்துப்போன ஒரு டெர்மினலை மாற்றி, கிரீஸ் பூசி முறுக்கினேன். செலவு ஒரு தாளும் ஒரு டெர்மினலும். அதற்கப்புறம் இன்றுவரை ராத்திரியும் பகலும் முள் ஒரே இடத்தில்தான்.

லைட்டுக்கு ஆடாமல், எப்போதும் அதிகமாகவே காட்டுகிற முள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒற்றை வயர் சென்சார். வயரைக் கழற்றினால் முள் அடிமட்டத்துக்கு வர வேண்டும். வந்தால் மீட்டரும் வயரும் பெரும்பாலும் சரி, சென்சாரைச் சந்தேகப்படலாம். வராமல் மேலேயே நின்றால் வயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது, இல்லையென்றால் மீட்டர் கெட்டிருக்கிறது. புது சென்சார் மாட்டும்போது டெஃப்லான் டேப்பை இஷ்டத்துக்குச் சுற்றாதீர்கள், அதற்கு எர்த் கிடைப்பதே அந்த மரையின் வழியாகத்தான்.

இனி எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் விஷயம். எர்த் சரியான பிறகும் டாங்கிளை வைத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நீளமான ஏற்றம் ஒன்றில் எண் 103 வரை போனது, முள் அசையவே இல்லை. இறக்கத்தில் 79-க்கு வந்தது, அப்போதும் அதே இடம். இது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. முள் கொஞ்சம் அசைந்தாலே வாடிக்கையாளர் சர்வீஸுக்கு வந்து நிற்பார் என்பதால் நடுவில் ஒரு பெரிய இடைவெளிக்கு முள்ளை நகராமல் வைத்துவிடுகிறார்கள். அதைத் தாண்டி அது ஏறத் தொடங்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ரொம்பக் கொஞ்சம். பொய்யாக ஏறுகிற முள் பணத்தைத்தான் கேட்கும், ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத முள் இன்ஜினையே கேட்கும்.

அதைவிட மோசம் கூலன்ட் மொத்தமாக ஒழுகிவிட்டால் வருவது. சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றும் ஆவியும் இருக்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். ஓட்டிக்கொண்டிருக்கையில் முள் திடீரென்று 'சி' (குளிர்) பக்கம் விழுந்தால் சென்சார் போய்விட்டது என்று ஓட்டாதீர்கள், ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு ஹோஸையும் ரிசர்வ் டேங்க்கையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள், ஆறும்வரை.

இதற்காகவே தனி கேஜ் ஒன்று மாட்டினேன். முதலில் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் வைக்கும் வகை. ரப்பர் நடுவில் இருப்பதால் அடாப்டருக்குத் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும் (எர்த்தைச் சரிசெய்த கையோடு இன்னொரு எர்த் வேலை!), நன்றாகத்தான் காட்டியது, ஆனால் தண்ணீர் போனால் இதுவும் குருடு. அதைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வளையமாக உட்காரும் சென்சாருக்கு மாறினேன். அது அளப்பது உலோகத்தின் சூட்டை, கூலன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பஸ்ஸர் வேறு உண்டு. வழக்கமாக வரும் அளவை ஒரு வாரம் கவனித்து அதற்கு மேல் 10 டிகிரியில் பஸ்ஸரை வைத்திருக்கிறேன். ஒரே தொல்லை, மேட்டில் ஏறி நிறுத்தி சில நிமிஷத்தில் திரும்ப சாவி போட்டால் கத்தும், கூலன்ட் ஓட்டம் நின்றதில் ஹெட் கொஞ்சம் சூடேறியிருக்கும். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டால் அடங்கிவிடும். டாங்கிளை இப்போது சந்தேகம் வரும்போது மட்டும்தான் செருகுகிறேன், வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது அதை விட்டுவைத்தால் பேட்டரியைக் குடித்துவிடுகிறது.