பாக்கெட் ஓஆர்எஸ்ஸா, வீட்டு உப்பு சர்க்கரைக் கரைசலா: அம்மாக்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பேதியாகும் குழந்தைக்கு அம்மா வீட்டிலேயே தொடங்க வேண்டிய சிகிச்சையை இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஒன்று, பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓஆர்எஸ் பொடிப் பாக்கெட்டைக் கரைப்பது. மற்றொன்று, ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் தூள் உப்பும் போட்டுக் கலக்குவது. நாங்கள் பாக்கெட் பக்கம்.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதில் பெரிய வாதம் இல்லை. ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பொடியில் குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். கடைசி இரண்டும் வீட்டுக் கரைசலில் இல்லை. விலையும் தடையில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

உண்மையான வித்தியாசம் அளவில்தான். வீட்டுக் கரைசலில் உப்பு, சர்க்கரை, தண்ணீர் என்று மூன்றையும் அளக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேறு. கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. ‘தலைதட்டி’ என்று சொல்லிக்கொடுத்தது நடு ராத்திரியில் குவியலாகிவிடும். பாக்கெட்டில் அளக்க வேண்டியது தண்ணீர் ஒன்றுதான்.

அந்த ஒன்றிலும் தப்பு நடக்கும். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. 200 மில்லி டம்ளர் என்றால் ஐந்து மடங்கு உப்பு. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். மிதமிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பாதிப் பொடியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பதும் சரியில்லை: பொடியில் உள்ளவை சமமாகப் பிரியாது, ஈரமும் ஏறும்.

ஆகவே அம்மாக்களுக்கு நடத்தும் வகுப்பில் முக்கால் நேரம் தண்ணீருக்கே போகட்டும். காலி லிட்டர் வாட்டர் பாட்டிலை எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் முழுசாகத் தண்ணீர் பிடித்து வீட்டுச் செம்பில் ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு. இனி அந்தக் கோடுதான் அளவு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நல்லது. கரைத்த பிறகு காய்ச்சக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் செய்து காட்டினால் போதாது, அம்மா தன் கையால் கலக்க வேண்டும்.

வீட்டுக் கரைசலை ஒதுக்கிவிடவும் முடியாது. 1980களில் வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய் மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், சுமார் அரை லிட்டர் தண்ணீர் என்று கற்றுக்கொடுத்தது. அம்மாக்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குக் கூலி. அந்த அளவு கண்காணிப்பு இருந்தால் வீட்டுக் கரைசலும் எடுபடும். ஒரு மணி நேர வகுப்பை மட்டும் நம்பி அதை அம்மாக்கள் கையில் விட எங்களுக்குத் தயக்கம். பாக்கெட் கைக்கு வரும்வரை சமாளிக்க, கண்ணீரைவிட உப்புக் கரிக்காத கரைசல் உதவும். உப்புப் போட்ட கஞ்சி, மோர் இரண்டும் நீர் வற்றாமல் தடுக்கத்தான். வற்றிய பிறகு அவை ஓஆர்எஸ்ஸுக்கு ஈடில்லை. குழந்தை ஆறு மாதத்துக்குள் இருந்தால் தாய்ப்பாலோடு ஓஆர்எஸ் மட்டும்.

பாக்கெட் பக்கம் ஒரு பொறி உண்டு: ஓஆர்எஸ் என்று பேர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேருக்குத் தடை போட்டது. வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எதைக் கொடுத்தாலும் நீர் வற்றுவதன் அடையாளங்கள் ஒன்றே. நைநை என்று அழுகை, குழிந்த கண், தண்ணீரைக் கண்டால் பறப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது. இவற்றில் இரண்டு இருந்தாலே நீர் வற்றத் தொடங்கிவிட்டது. கரைசலைப் புகட்டிக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கிள்ள வேண்டியது தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவில், நெடுக்குவாட்டில். மெலிந்த குழந்தையிடம் இந்தச் சோதனை ஏமாற்றும். துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், தோல் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனால் உடனே ஆஸ்பத்திரி. உச்சிக்குழி விழுந்திருக்கிறது என்று எண்ணெய் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி; அதற்கு மேல் 100 முதல் 200. பாலாடையிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். கூடவே ஜிங்க் மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம். பேதி நின்றுவிட்டதென்று அதை மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். 14 நாள் கொடுக்க வேண்டும்.