கே98கே: 18 வருடம் கூடவே வைத்திருந்த அனுபவமும் ஏறிப்போன விலையும்

2006 நவம்பரில் ஒஹாயோவில் என் வீட்டு வாசலுக்கு நீளமான அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. கராஜில் வைத்துப் பிரித்தேன். இரும்பு முழுக்கக் கெட்டியான பழுப்பு கிரீஸ். மரத்தின் மேல் செம்பட்டை நிறத்தில் ஷெல்லாக் (அரக்கு) பூச்சு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் தூக்கித் திரிந்த கே98கே ரைஃபிள். கூரியர் செலவெல்லாம் சேர்த்து 260 டாலர் ஆனது.

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பப்ஜில வர்ற கார்98 தானே இது? எனக்கும் ஒண்ணு வாங்கணும். முன்னூறு டாலர் வரைக்கும் பரவால்ல." முன்னூறு டாலருக்கு இன்று அதன் மரக்கட்டை மட்டும் நல்லதாகக் கிடைத்தாலே பெரிய விஷயம் என்று சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு விளக்கமாகச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஆசை இருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

1935-இல் ஜெர்மன் ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. 7.92 மி.மீ. தோட்டா, ஒரு கிளிப்பில் ஐந்து. எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் செய்தார்கள். இவ்வளவு செய்தும் ஏன் விலை ஏறுகிறது என்று யாருக்கும் தோன்றும். ஜெயித்தவர்கள் இவற்றைச் சும்மா விட்டுவைக்கவில்லை என்பதுதான் காரணம். சோவியத் ராணுவம் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டுபோய், பிரித்துக் கழுவி, கைக்கு வந்த பாகத்தைப் பூட்டிக் கிடங்கில் அடுக்கியது. யூகோஸ்லாவியா ஜெர்மன் முத்திரைகளைச் சுரண்டிவிட்டுத் தன் சின்னத்தை அடித்தது. நார்வே குழலை மாற்றி அமெரிக்க .30-06 தோட்டாவுக்குத் தயார்செய்தது. இஸ்ரேல் 1948-இல் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து வாங்கி, பிறகு நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. நாஜிக் கழுகு முத்திரையும் யூதர்களின் தாவீது நட்சத்திரமும் ஒரே இரும்பில் இருக்கும் ரைஃபிளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதை மேசையில் திரும்ப வைக்க எனக்குச் சில நிமிடம் பிடித்தது.

ஆக, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலத்திலேயே, எல்லாப் பாகத்திலும் ஒரே எண்ணோடு தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். சேகரிப்பாளர்கள் இதை 'மேட்சிங்' என்பார்கள். விலை முழுக்க இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது.

என்னுடையது மேட்சிங் இல்லை. 'ரஷ்யன் கேப்சர்' வகை, அதாவது சோவியத் ராணுவம் பிடித்துக்கொண்டு போனவற்றில் ஒன்று. ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடலின்) மேல் 'பிசிடி 43' என்று இருக்கிறது, பக்கத்தில் சோவியத்காரர்கள் அடித்த சின்ன எக்ஸ் குறி. போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் இரும்புத் தண்டின்) கைப்பிடி அடியில் பழைய ஜெர்மன் எண் ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டு, அதன் அருகே மின்பேனாவால் ரிசீவரின் எண்ணைக் கிறுக்கியிருக்கிறார்கள். கிறுக்கல் என்றுதான் சொல்ல வேண்டும்: ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவே குறுக்குக்கோடு, கடைசி எண் கொஞ்சம் சறுக்கிப் போயிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை போல்ட் முடிக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் அவசரமாக எழுதியது. ஷெல்லாக்கைச் சாராயம் தொட்டுத் துடைத்து எடுத்துவிடச் சொல்லிப் பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். நல்லவேளை, கேட்கவில்லை. ஒருநாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது, அந்தப் பூச்சுக்கு அடியிலேயே கட்டையின் வலப்பக்கம் மங்கலாக ஒரு கழுகு முத்திரை தெரிந்தது. வாங்கி ஆறு வருடம் கழித்துத்தான் அதைப் பார்க்கிறேன்.

'பிசிடி' என்பது ஜெர்மனியின் வைமாரில் இருந்த குஸ்ட்லோஃப் தொழிற்சாலையின் ரகசியக் குறியீடு, 43 என்பது செய்த ஆண்டு. மவுசர் ஓபர்ன்டார்ஃபுக்கு 'பிஒய்எஃப்', ஸ்டையருக்கு 'பிஎன்இசட்', செக் நாட்டு பர்னோவுக்கு 'டிஓடி' என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து உண்டு. இந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டபோதுதான் குஸ்ட்லோஃப் பற்றித் தேடினேன். வைமாருக்குப் பக்கத்துக் குன்றில்தான் புக்கன்வால்ட் வதைமுகாம். 1943-இலிருந்து முகாமை ஒட்டியே குஸ்ட்லோஃபின் ஆலை ஒன்று இயங்கியது, கைதிகளை வைத்து. 1944 ஆகஸ்ட் 24 அன்று நேசநாட்டு விமானங்கள் அதைக் குண்டுபோட்டு அழித்தன, கைதிகளும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஸ்டையரும் இப்படித்தான், ஆஸ்திரியாவின் மவுத்தவுசன் வதைமுகாமின் கூசன் கிளையில் கைதிகளைக் கொண்டு ரைஃபிள் பாகங்கள் செய்தது. என் ரைஃபிளின் எந்தத் திருகை யார் கடைந்தார் என்று எனக்குச் சொல்ல வழியில்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து நான் இதைச் சுவரில் மாட்டவில்லை. விருந்தினர் வந்தால் காட்டுவதற்கு முன் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். ஸ்வஸ்திகா முத்திரைக்காகவே கூடுதல் காசு கொடுப்பவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். அவர்களோடு நான் பேரம் பேசுவதில்லை.

சுடும் அனுபவம் எப்படி என்பவர்களுக்கு: கனமான இரும்புப் பட்டை போட்ட பின்கட்டை. இருபது தோட்டாவுக்கு மேல் தோள் வேண்டாம் என்று சொல்லும். போல்ட் ஓட்டம் ஆரம்பத்தில் கரகரவென்று இருந்தது. மூலைமுடுக்கில் ஒளிந்திருந்த கிரீஸை எல்லாம் எடுத்த பிறகு வெண்ணெயாக ஓடுகிறது. ஒரு தோட்டாவை நேராகக் குழலுக்குள் போட்டுவிட்டு போல்ட்டை மூடக் கூடாது. கீழே மேகசினிலிருந்து ஏறும்போதுதான் போல்ட்டில் உள்ள நீண்ட நகம் (சுட்ட கூட்டை வெளியே இழுப்பது) தோட்டாவின் விளிம்பைச் சரியாகக் கவ்வும். நேராகப் போட்டு அடித்து மூடினால் நகம் உடைய வாய்ப்புண்டு. பதினெட்டு வருடத்தில் நான் மாற்றியது ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் ஒன்றுதான்.

அப்போது துருக்கிய, யூகோஸ்லாவிய ராணுவ உபரித் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைத்தன. அவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்து) சுட்டதும் குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகாது, உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். சுட்டு வந்த அன்றே கெட்டிலில் கொதிக்கும் நீரைப் புனலால் குழலுக்குள் ஊற்றி, காய்ந்ததும் எண்ணெய் போடுவேன். ஒரே ஒரு முறை, ஊரிலிருந்து அம்மா வந்திருந்த வாரம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். குழலின் வாய்ப்பக்கம் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. அவை இன்னும் இருக்கின்றன. இப்போது அந்தப் பழைய தோட்டாக்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன. செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான் புதிதாகச் செய்கிறது, உப்புத் தொல்லை இல்லை, ஆனால் முன்புபோல மலிவில்லை. அமெரிக்க கம்பெனித் தோட்டாக்களில் பல, இன்னும் பழைய, உள்விட்டம் சற்றுக் குறைந்த குழல்களை மனதில் வைத்து மருந்தைக் குறைத்து அடைத்தவை. சுட மென்மையாக இருக்கும்.

2012-இல் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன், 'பிஒய்எஃப் 43'. அமெரிக்க சிப்பாய் ஒருவர் நேரடியாக வீட்டுக்குக் கொண்டுவந்தது. கட்டையை முன்பட்டைக்கு அடியில் ரம்பத்தால் அறுத்திருந்தார், இல்லாவிட்டால் சிப்பாயின் துணிமூட்டைக்குள் நுழையாது. 'டஃபிள் கட்' என்பது இதுதான். போல்ட் மட்டும் வேறு எண். சரணடைந்த இடங்களில் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும் போல்ட்களை வேறு குவியலாகவும் போட்டதால், ஞாபகத்துக்கு எடுத்து வந்தவர்கள் கிடைத்த போல்ட்டைச் செருகிக்கொண்டார்கள். 750 டாலர் கொடுத்தேன்.

பேராசை பிடித்தது 2014-இல். 'முழு மேட்சிங்' என்று ஒரு வியாபாரி 1,100 டாலர் சொன்னார். படங்களைப் பார்த்தே வாங்கிவிட்டேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. உண்மையில் அச்சு இறங்கிய எண்ணைச் சுற்றி இரும்பு லேசாக மேடிட்டிருக்கும். இதில் போல்ட் கைப்பிடி அடி லேசாகக் குழிந்திருந்தது, பழைய எண்ணை அராவி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். எட்டுக்குப் பின்னால் பழைய மூன்றின் வளைவு நிழலாகத் தெரிந்தது. திருப்பி எடுக்க அவர் மறுத்துவிட்டார். காசு போனதைவிட, ஒழுங்காக இருந்த ஒரு ரஷ்யன் கேப்சரை இப்படிப் பாழாக்கிவிட்டார்களே என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது. அந்த மின்பேனாக் கிறுக்கலை இனி யாரும் பார்க்க முடியாது.

இப்போது விலைக்கு வருகிறேன். இந்த பிப்ரவரியில் கென்டக்கியின் லூயிவில் நகரில் நடக்கும் 'ஷோ ஆஃப் ஷோஸ்' கண்காட்சிக்குப் போயிருந்தேன். என்னுடையது மாதிரியே ரஷ்யன் கேப்சர், 900 டாலர். அறுக்காத கட்டையோடு முழு மேட்சிங் என்றால் நான் பார்த்த மேசைகளில் 3,000-க்குக் கீழே விலைச்சீட்டே இல்லை. விலை ஏறியதற்குக் காரணம் உண்டு: அமெரிக்காவின் 1968 சட்டம் ராணுவத் துப்பாக்கி இறக்குமதியை அடைத்தது. 1984-இல் பழம்பொருள் வகைக்கு வழி திறந்தது. அந்த வழியாகத்தான் 2000-களில் பழைய சோவியத் கிடங்குச் சரக்கு வந்து குவிந்தது. அது தீர்ந்தது. 2014-க்குப் பிறகு ரஷ்யா மீது வந்த தடைகளால் இனி வரும் என்ற நம்பிக்கையும் குறைந்தது. இன்னொரு பக்கம், எங்கள் தம்பியைப் போல வீடியோ கேமில் இதைப் பிடித்து வளர்ந்த தலைமுறை இப்போது சம்பாதிக்கிறது. இன்று புதிதாகச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் காலமான முன்னாள் வீரர்களின் வீட்டிலிருந்துதான்.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நான் அப்படி வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். வாங்குவதானால் நேர்மையான ரஷ்யன் கேப்சர் ஒன்றே போதும். யாரும் அதைப் பொய்யாகச் செய்வதில்லை, அதில் நடந்ததெல்லாம் வெளியே தெரிகிறது. தொடர்ந்து சேகரிக்க நினைப்பவர்கள் 'சி அண்ட் ஆர்' (பழந்துப்பாக்கி சேகரிப்பாளர்) உரிமம் எடுக்கலாம். மூன்று வருடத்துக்கு 30 டாலர், 50 வயது தாண்டிய துப்பாக்கிகள் நேராக வீட்டுக்கே வரும். வாங்கியது விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை, நானும் அது வந்த பிறகுதான் வாங்கினேன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தம்பி எச்1பி-யில்தான் இருக்கிறான். அதனால் இப்போதைக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் லூயிவில்லுக்கு என்னோடு வருகிறான், ஒவ்வொரு மேசையாக எண்களைப் படித்துப் பார்ப்பதற்கு.