அம்மாவின் மாத்திரையை மாற்றப் போய்

டொரண்டோவிலிருந்து கும்பகோணம் போன மூன்று வாரத்தில் கோயில் குளம் என்று சுற்றியதைவிட டாக்டர், லேப், மெடிக்கல் என்று அலைந்ததுதான் அதிகம். அம்மாவுக்கு 74 வயது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். துடிப்பு தாளம் தப்புவதால் இதயத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடக் கூடாதென்று ஆறு வருஷமாக ரத்தம் கட்டாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை ஓடுகிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அம்மாவின் நோட்டில் ஒரு மாதம் 1.6, அடுத்த மாதம் 4.1. கொல்லையில் முருங்கை தழைத்தால் வாரம் நாலு நாள் கீரைதான். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை அமுக்கிவிடும்.

எக்கோ ஸ்கேனில் இதய வால்வு நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினினும் சரி என்று பார்த்த பிறகே டாக்டர் அபிக்ஸபன் என்ற புது மாத்திரைக்கு மாற்றினார். 2011-ல் வந்த அரிஸ்டாட்டில் ஆய்வில், அசிட்ரோம் வகையைச் சேர்ந்த வார்ஃபரினைவிட இதில் பக்கவாதமும் குறைவு, பெரிய ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் அசிட்ரோமை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே வந்த பிறகுதான் தொடங்கணும். லேப் பையன் காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான், மதியம் வாட்ஸப்பில் ரிப்போர்ட். டொரண்டோவில் எனக்கு இந்த யோகமில்லை.

சறுக்கியது மெடிக்கலில். சீட்டில் 5 மில்லிகிராம், கவரில் 2.5. "ரெண்டும் ஒரே மருந்துதான் சார், வயசானவங்களுக்கு இது போதும்" என்றார் கடைக்காரர். 80 வயது அல்லது அதற்கு மேல், 60 கிலோ அல்லது அதற்குக் குறைந்த எடை, கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல்: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் 2.5. அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வந்திருந்தால் பாதி மருந்தோடு பக்கவாதத்துக்குக் காத்திருந்திருப்போம்.

இதைக் கேட்ட சித்தி, "எனக்கும் அதையே எழுதச் சொல்லேன்டா" என்றாள். அவளுக்குச் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனது. டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், இப்படி வால்வு கெட்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களில், அபிக்ஸபன் வகையிலேயே இன்னொன்றான ரிவராக்ஸபனைவிட, அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரிப் பழைய மருந்தில்தான் சாவு குறைவு. "கீரை சாப்பிடுங்கம்மா, வாராவாரம் ஒரே அளவா" என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் சித்தி என்னோடு பேசவில்லை.

அபிக்ஸபன் ரெண்டு வேளை. விட்டுப்போனால் அதன் பலன் சீக்கிரம் இறங்கிவிடும். அம்மா ராத்திரி மாத்திரையை மறக்கிற ஆள். அங்கே எட்டு மணிக்கு, இங்கே காலை பத்தரைக்கு, ஆபீஸ் மீட்டிங் நடுவில் என் போன் அலறுகிறது.