பெயர்ப்பலகை இல்லாத பட்டறையில் யெஸ்டிக்கு ஆயில் சீல் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு 1984ஆம் ஆண்டு யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளின் கிராங்க் ஆயில் சீல்களை, அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் அடைப்பு வளையங்களை, மாற்றித் தந்த பாளையங்கோட்டைப் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முருகன்குறிச்சிப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கேட்டால், "டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி கடையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வழி சொல்வார்கள். தகரக் கூரை, இரண்டு வைஸ், ஒரு கை பிரஸ், எண்ணெய் ஊறிக் கறுத்த மேஜை, உதவிக்கு இரண்டு பையன்கள். கடை என்பது அவ்வளவுதான்.

வண்டியின் கோளாறு சித்திரை மாதம் தொடங்கியது. ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிய பிறகும் இஞ்சின் சத்தம் இறங்காமல், வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது தானாகவே ரேஸ் ஆகும். அதே வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும், தெருவில் கொசு மருந்து அடிக்க வந்தார்களோ என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வெள்ளைப் புகை கக்கும். முதலில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் இருமுறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாம் முறை போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்துவிட்டது என்று சொல்லி, சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். பதினைந்து நாளில் வண்டி பழைய நிலைக்கே வந்துவிட்டது. தேயாத சிலிண்டரைக் கடைந்தது மட்டும் மிச்சம். கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த மெக்கானிக் தவறவிட்டது எது என்பது புரிய வேண்டுமானால் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் மூச்சு விடும் விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் சீலின் பெரிய வேலை ஆயிலை வெளியே விடாமல் தடுப்பது. அது பழுதானால் தரையில் ஆயில் சொட்டும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸே ஒரு பம்பு. பிஸ்டன் மேலேறும்போது அங்கு உண்டாகும் வெற்றிடம் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை இழுக்கிறது. கீழிறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறுகிறது. இந்தப் பம்பின் இரு பக்கத்துக்கும் அடைப்பு அந்த இரண்டு ரப்பர் வளையங்கள்தான். யெஸ்டியில் வலப்பக்கம் டைனமோ இருக்கிறது. அந்தப் பக்கச் சீல் போனால் வெறும் காற்று உள்ளே புகுந்து கலவை வறண்டு, ஐடிலிங் ஏறி, இஞ்சின் சூடாகி, கவனிக்காமல் நீண்ட தூரம் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் கிளட்சும் பிரைமரி செயினும் கியர் ஆயிலில் ஓடுகின்றன. அந்தப் பக்கச் சீல் போனால் இஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்துப் புகையாக விடும். என் வண்டியில் இரண்டு பக்கமும் போயிருந்தன. இரண்டு நோயின் குறிகளும் கலந்து வந்ததால்தான் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அண்ணாச்சி முதல் நாள் எந்தப் போல்ட்டையும் கழற்றவில்லை. கியர் ஆயில் அளவைப் பார்த்தார். இரண்டு மாதம் முன்பு நிரப்பியது கால்வாசி குறைந்திருந்தது, வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு வண்டியை ஓடவிட்டு, டைனமோ மூடியை எடுத்துவிட்டு, கூர்மூக்கு எண்ணெய்க் குப்பியால் இடுக்கு வழியாகச் சீல் பக்கம் சில சொட்டு விட்டார். தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் சட்டென்று தணிந்து, சில நொடி நிதானமாக ஓடி, மறுபடி ஏறியது. "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி, மூச்சுல்லா ஒழுகுது" என்றார். இந்தச் சோதனைக்குப் பெட்ரோல் தெளிப்பவர்களும் உண்டு. டைனமோ பிரஷ்ஷில் பொறி பறக்கும் இடத்தில் அது எத்தகைய விபரீதம் என்பதை அவர் சொல்லித்தான் யோசித்தேன்.

இஞ்சினை இறக்கிக் கேஸைப் பிரித்த நாளில் நானும் உடனிருந்தேன். இடப்பக்கச் சீல் விரலால் வளைத்ததும், மாடியில் காய்ந்த வடகம்போல் ஒடிந்தது. வலப்பக்கச் சீலின் உதடு தேய்ந்து தட்டையாகி, அதை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய மெல்லிய சுருள்வில் துருவேறித் தளர்ந்திருந்தது. என் கட்டை விரலைப் பிடித்து, கிராங்க் தண்டில் சீல் உதடு உரசும் இடத்தின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டச் சொன்னார். நகம் ஓரிடத்தில் தட்டியது. கண்ணுக்கு வெறும் கோடாகத் தெரிந்தது, நாற்பது ஆண்டுகளில் ரப்பர் உதடு இரும்பில் அறுத்த பள்ளம். புதிய சீலை அதே ஆழத்தில் பொருத்தினால் அதன் உதடும் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். ஆகவே நுண்ணிய எமரித் தாளால் தண்டைத் தேய்த்து, புதிய சீலை ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளிப் பொருத்தினார். தண்டின் மரைகளின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, சுருள்வில் தெரியும் முகம் கிராங்க் கேஸை நோக்கியிருக்கும்படி, பழைய பேரிங் வளையம் ஒன்றை மேலே வைத்து ஒருபக்கம் சாயாமல் அழுத்தி இறக்கினார். சுத்தியலை அவர் தொடவே இல்லை. கேஸ் பிரிந்த கையோடு இரண்டு கிராங்க் பேரிங்குகளையும் மாற்றிவிடச் சொன்னார். அது நியாயமான ஆலோசனை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடில் ஆட்டம் இல்லை என்று காட்டி அதை அப்படியே விட்டதும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வர ஒரு காரணம்.

உதிரிபாகம் கிடைப்பது தனிக் கதை. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. 2022இல் திரும்ப வந்த யெஸ்டி, தண்ணீர் குளிர்விப்புள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டி. பெயரைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. ஆனாலும் கடைகளில் "யெஸ்டிக்கு சீல்" என்றால் கல்லாவிலிருக்கும் பையன் புதிய வண்டியின் பட்டியலைத்தான் புரட்டுகிறான். நல்லவேளையாக ஆயில் சீலுக்கு வண்டியின் பெயர் வேண்டாம். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று அதன் முகத்தில் பொறித்த மூன்று எண்கள் போதும். நான் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலிருந்து தபாலில் வரவழைத்த முழு செட், கறுப்பு நைட்ரைல் ரப்பரால் ஆனது. அண்ணாச்சி அதைப் பார்த்து முகம் சுளித்தார். இருந்தாலும் நான் கொடுத்ததையே போட்டார். அவர் பரிந்துரைத்தது வைட்டான் எனப்படும் ரப்பர் வகை. நைட்ரைல் சுமார் நூறு டிகிரி வெப்பம் வரையில்தான் தாக்குப்பிடிக்கும். வைட்டான் இருநூறைத் தொட்டாலும் இறுகாது. பெட்ரோல் பங்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரும் இக்காலத்தில் வைட்டானுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. வைட்டான் பெரும்பாலும் காவி நிறத்தில் வரும் என்பதை நம்பி, நிறத்தை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் தருவது அடுத்துச் சொல்லும் ஒன்றுக்காகத்தான். இஞ்சினைப் பூட்டியபின், வண்டியில் ஏற்றுவதற்கு முன் அண்ணாச்சி அதற்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் பழையதாக வாங்கிய பி.பி. கருவியின் ரப்பர்க் குமிழும் வட்ட மானியும்தான் கருவிகள். ரோட்கிங்கிற்கு ஒரே சிலிண்டர் என்றாலும் சைலன்சர் வாய் இரண்டு. அவ்விரண்டையும் சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி மூடி, கார்புரேட்டர் வாயில் குழாய் செருகிய தக்கையை அடைத்து, பையன் குமிழைப் பிசையப் பிசைய ஊசி 260 வரை ஏறியது. ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ. அழுத்தம் அது. முதல் முறை, நான் வாங்கிக் கொடுத்த சீல்களோடு, ஒரு நிமிடத்துக்குள் ஊசி 150க்கு இறங்கிவிட்டது. சோப்பு நுரையைத் தடவியதும் டைனமோ பக்கச் சீலின் வெளிவிளிம்பில் கடுகளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. சீல் தன் இருக்கையில் தளர்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவர் தருவித்த வைட்டான் சீல்களோடு பார்த்தபோது, ஐந்து நிமிடத்தில் 260 என்பது 250 ஆனது. அந்த ஐந்து நிமிடமும் கடையில் யாரும் பேசவில்லை. முந்தைய மெக்கானிக்கிடம் இப்படி ஒரு குமிழும் மானியும் இருந்திருந்தால் என் சிலிண்டர் தப்பியிருக்கும்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஏழு நாள் என்று சொன்ன வேலைக்கு இருபத்து மூன்று நாள் ஆனது. அதில் ஒரு வாரம் என் சீல்களால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடையில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வந்து, பையன்கள் இருவரும் தேர் நிலைக்கு வந்தபிறகும் இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தாமதம் என்று ஒரு போன் செய்திருக்கலாம். ரசீது தருவதில்லை, சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தந்த கணக்குதான். கூலி 5,500 ரூபாய், பேரிங், சீல், பேக்கிங் எல்லாம் சேர்த்து 3,150, கிராங்க் நேராக ஓடுகிறதா என்று லேத்தில் வைத்துப் பார்த்ததற்கு 900, ஆக 9,550 ரூபாய். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் கேட்காமலே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். இடது சைலன்சரின் குரோமில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. கேட்டதற்கு முன்பே இருந்தது என்றார். இருந்ததில்லை.

ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு நாள் அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை ஓட்டிச் சென்றேன். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி என்ற கணக்கில் டூ டி ஆயில் கலந்திருந்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் எதிர்காற்று பலமாக இருந்தது. இஞ்சின் சத்தம் மாறவில்லை. பாபநாசம் படித்துறைக்கு அருகில் நிறுத்தியபோது ஐடிலிங் தண்டவாளத்தில் ஓடும் வண்டிபோல் ஒரே தாளத்தில் இருந்தது. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினேன். முன்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்த அதன் முனை, கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. இப்போது 1,100 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர் ஆயில் நிரப்பிய அளவிலேயே நிற்கிறது.

கியர் லீவர் தண்டின் சீலில் மட்டும் இரவில் ஒரு சொட்டு கசிகிறது. அதைக் கேஸ் பிரிக்காமல் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம், காசு வேண்டாம் என்று சொல்லி வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வியாழன் என்றால் எந்த வியாழன் என்பதை இந்த முறை தேதியோடு கேட்டு வாங்கிக்கொண்டேன்.